ஐ.சி. டப்பாக்களும் வெள்ளிக்கிழமை வேனும்

என் மனைவி வீட்டார் விசேஷம் எதற்கும் இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

இந்த முடிவைப் பல் துலக்கும்போது எடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் உரக்கச் சொல்ல முடியவில்லை. ஆனால் உறுதியான முடிவு. நுரையைத் துப்பிய பிறகும் அது உள்ளேயே இருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பொங்கியண்ணன். பெருமாநல்லூர் ரோட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கடை. பனியன் கம்பெனிகளில் ஓடும் தையல் மிஷின்களுக்கு இப்போதெல்லாம் மேசைக்கு அடியில் ஒரு கண்ட்ரோல் பெட்டி இருக்கிறது. ஊசி எப்போது நிற்க வேண்டும், நூலை எப்போது அறுக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. பெட்டி போனால் மிஷின் வெறும் மேசை. அந்தப் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் பலகையில் எந்த ஐ.சி. செத்துப் போயிருக்கிறது என்று கண்டுபிடித்து மாற்றுவது என் தொழில். மற்ற மெக்கானிக்குகளும் ஐ.சி. வாங்க என்னிடம் வருவார்கள்.

இது என் மனைவி சித்ரகலாவின் சொந்தக்காரர்களுக்கும் தெரியும். அதுதான் தொல்லை.

குன்னத்தூரில் ஒரு காதுகுத்துக்குப் போனேன். இலையில் உட்கார்ந்து பருப்புக்கு நெய் விடுவதற்குள் ஒருவர் மிக்ஸியோடு வந்துவிட்டார். "மாப்ள, சுத்த மாட்டேங்குதுங்க, என்னன்னு பாருங்க." அடுத்தவர் இன்வெர்ட்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். இன்னொருவர் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரைச் சாக்கில் கட்டி என் மடியிலேயே வைத்தார். மொய் எழுதும் மேசையில் கூட்டம் இல்லை. என் இலைக்கு முன்னால்தான் கூட்டம். காது குத்தும் நேரத்தில் பாட்டுப் போடும் பெட்டி நின்றுபோக, அதையும் நானே பிரித்தேன். குழந்தை அழுத சத்தம் கேட்டது. காதை நான் பார்க்கவில்லை.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. கண்ணுக்குக் கண்ணாடி, அதற்கு மேல் பூதக்கண்ணாடி. கழுத்து ஒரு பக்கமாகவே திரும்பும். எனக்கு வேண்டியதெல்லாம் இரண்டு மூன்று நாள் யாரும் எதையும் கொண்டுவராமல் இருப்பது. குப்புறப் படுத்து ஒரு தூக்கம். மல்லாந்து ஒரு தூக்கம்.

நான் முடிவெடுத்த அதே வாரம் சித்ரகலா ஆரம்பித்தாள். அவள் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். இருபது வருடச் சர்வீஸ். நிதானமாகப் பேசுவாள். அதனால் நான் எப்போதும் பயந்தே இருப்பேன்.

"ஏனுங்க, அடுத்த வார வெள்ளிக்கிழமை காலம்பர சுரேஷு வேன் சொல்லியிருக்கறானுங்க. மூணு நாள் கடையைச் சாத்தோணுமுங்க."

சுரேஷ் அவளுடைய தம்பி. குன்னத்தூரில் இருக்கிறான். அவன் வேன் சொன்னால் கெடா வெட்டு என்று பொருள். கெடா வெட்டு என்றால் கெடாவுக்கு ஒரு நாள்தான் கஷ்டம். எனக்கு மூன்று நாள்.

"முடியாது" என்றேன்.

"நான் இன்னும் சொல்லியே முடிக்கலீங்க."

"சொல்ல வேண்டியதே இல்ல. சீசன் நேரம். கடையைச் சாத்தினா மெக்கானிக்கெல்லாம் நடுரோட்டுல நிப்பான்."

"சாத்த வேண்டாமுங்க. பக்கத்தூட்டு ஜெபக்குமார் அண்ணன உக்கார வெச்சுட்டுப் போலாமுங்க. வர்றவங்க கேக்கற நம்பரைப் பாத்து எடுத்துக் குடுக்கறதுதானுங்களே?"

எனக்குச் சுருக்கென்றது. நம்பரைப் பார்த்து எடுத்துக் கொடுப்பதாம். முப்பது வருடமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதை இட்லித் தட்டிலிருந்து இட்லி எடுப்பது போல ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

"அந்த நம்பரையெல்லாம் என்னைத் தவிர வேற ஆரும் படிக்க முடியாது சித்ரா."

"அப்படீங்களா" என்றாள். சிறிது நேரம் பீன்ஸ் நறுக்கினாள். "அப்ப ஞாயித்துக்கிழமை எங்க ரெண்டு பேத்துக்கும் சொல்லிக்குடுங்க. அவருக்குச் சந்தேகம் வந்தா நானே போன்ல சொல்லிக்கறேன். அப்பறம் நீங்க கேளுங்க, நாங்க எடுத்துக் குடுக்கறோம். எங்களுக்கு வந்துருச்சுன்னா நீங்க கெளம்பி வாங்க. வரலைன்னா கடையிலயே இருந்துக்குங்க."

உடனே ஒப்புக்கொண்டேன். சந்தோஷத்தை மறைக்க இருமினேன். ஏனென்றால் இதில் நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னாலே போதும். ஐ.சி. நம்பரைப் பொறுத்தவரை உண்மைதான் மிகவும் குழப்பமானது.

உங்களுக்கும் சொல்கிறேன். மெதுவாகவே சொல்கிறேன்.

ஐ.சி. என்பது கறுப்பாக, கால் முளைத்து, வண்டு போல இருக்கும். அதன் முதுகில் பொடி எழுத்தில் ஒரு நம்பர் இருக்கும். 7805 என்று வைத்துக்கொள்வோம். 78 குடும்பப் பெயர். 05 என்றால் ஐந்து வோல்ட் மட்டும் வெளியே விடும். 7812 என்றால் பன்னிரண்டு வோல்ட். இதுவரை எளிது. இங்கேயே நிறுத்தியிருந்தால் உலகம் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் நம்பருக்கு முன்னால் எழுத்து வரும். எல்எம்7805, எம்சி7805, கேஏ7805. அது இனிஷியல் மாதிரி. எந்தக் கம்பெனி பெற்ற பிள்ளை என்று சொல்லும். மூன்று அப்பாக்கள், ஒரே பிள்ளை. எதை எடுத்துப் போட்டாலும் வேலை செய்யும். ஆகவே எழுத்தைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று நினைப்பீர்கள். அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். எழுத்து நடுவில் வந்தால் பிள்ளையே வேறு. 78எல்05 என்பதும் ஐந்து வோல்ட்தான், ஆனால் நோஞ்சான். பெரியதன் இடத்தில் இதைப் போட்டால் புகைந்துவிடும். 78எம்05 நடுத்தரம்.

சரி, பின்னால் வரும் எழுத்து? அது உருவத்தைச் சொல்லும். எல்எம்358என் என்றால் பலகையின் ஓட்டைக்குள் காலை விட்டு நிற்கும் பெரிய வகை. எல்எம்358டி என்றால் பலகையின் மேலேயே ஒட்டிக்கொள்ளும் சின்ன வகை. அப்படியானால் கடைசியில் 'டி' வந்தால் சின்ன வகை என்று மனப்பாடம் செய்துகொள்வீர்கள். உடனே எல்293டி என்று ஒன்று வரும். அதில் 'டி' என்றால் உள்ளே டயோடு இருக்கிறது என்று பொருள். உருவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எண் பெரிதானால் சரக்கும் பெரிதாகும் என்றும் எண்ணக் கூடாது. 358க்குள் சிக்னலைப் பெரிதாக்கும் பெருக்கிகள் இரண்டு இருக்கின்றன. 324க்குள் நான்கு. 5532க்குள் இரண்டு, 5534க்குள் ஒன்றே ஒன்று. இதை முடிவு செய்தவர்களின் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்ததோ தெரியாது.

இன்னும் ஒன்று. நம்பருக்குக் கீழே இன்னொரு நம்பர் இருக்கும். அது பிறந்த தேதி. 2003 என்று இருந்தால் 2020ஆம் வருடம், மூன்றாவது வாரம். அதே சமயம் 2003 என்ற பெயரிலேயே ஒரு ஐ.சி. உண்டு. யுஎல்என்2003. நல்ல சரக்கு. நிறைய விற்கும். அதற்குப் பிறந்த தேதி வேறு ஏதாவது இருக்கும்.

இவை எல்லாம் என் கடையில் முந்நூறுக்கு மேற்பட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில், சுவர் முழுக்க அடுக்கில் இருக்கின்றன. எந்த டப்பா மேலும் எதுவும் எழுதியிருக்காது. எனக்கு இடம்தான் அடையாளம். கையை நீட்டினால் வந்துவிடும்.

உண்மையே போதும் என்று சொன்னேன் அல்லவா? இருந்தாலும் மனித மனம். சனிக்கிழமை மதியம் சித்ரகலா கம்பெனியில் இருந்தபோது டப்பாக்களைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தேன். மேல் வரிசையைக் கீழே. இடது பக்கத்தை வலது பக்கம். நடுவில் கொஞ்சம் கலக்கினேன். ஓய்வு வேண்டும் என்று நினைத்து இவ்வளவு உழைத்த ஆள் நானாகத்தான் இருப்பேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்து ஜெபக்குமார் வந்தார். அவருக்குத் தென்காசிப் பக்கம். மனைவி விஜயராணியோடு திருப்பூர் வந்து பல வருடமாகிறது. ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியில் மயிரிழை பிசகாமல் வெட்டுவார். ஐ.சி.யை அன்றுதான் முதன்முறையாகக் கையில் எடுத்தார்.

இப்போது உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவர்களுக்கும் சொன்னேன். இதே பொறுமையோடு சொன்னேன். ஜெபக்குமார் முதலில் தலையை ஆட்டினார். எல்293டி வந்த இடத்தில் ஆட்டுவதை நிறுத்தினார். 5534 வந்தபோது தண்ணீர் கேட்டார். சித்ரகலா மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாள்.

"கீழ இருக்கற நம்பரு, எப்ப செஞ்ச சரக்குன்னு நாங்க பொட்டி மேல போடற லாட் நம்பர் மாதிரிங்களா?"

"அப்படியெல்லாம் சுலபமா நெனச்சுராத. அது வேற" என்றேன்.

"சரீங்க" என்று சொல்லிவிட்டாள்.

பரீட்சை ஆரம்பமானது. ஜெபக்குமாரிடம் 7805 கேட்டேன். பூதக்கண்ணாடியை முகத்தோடு ஒட்டிக்கொண்டு டப்பா டப்பாவாகப் பார்த்தார். கடைசியில் 7905ஐக் கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நம்பர்தான வித்தியாசம். பரவால்ல, போட்டுப் பாருங்க."

போட்டால் என்ன ஆகும் என்று விளக்கினேன். அது மைனஸ் ஐந்து வோல்ட். அவர் அதை மேசையில் மெதுவாக வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அடுத்தடுத்துக் கேட்டதில் பெரும்பாலும் தப்பாகவே எடுத்தார். 358ஐயும் 555ஐயும் மட்டும் எப்படியோ சரியாக எடுத்துவிட்டார். எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை.

"குத்துமதிப்பா எடுத்தேன் அண்ணாச்சி. ஏதோ கைக்கு வந்துச்சு."

அடுத்து சித்ரகலா. 78எல்05 கேட்டேன். வெகுநேரம் தேடினாள். இவ்வளவு நேரம் எடுக்கிறாளே என்று எனக்கே பாவமாக இருந்தது. 78எம்05ஐக் கொண்டுவந்தாள். எல்293டி கேட்டேன். டி இல்லாத எல்293ஐக் கொண்டுவந்தாள். உள்ளே நான்கு பெருக்கி இருப்பது வேண்டும் என்றேன். 358ல் இரண்டு எடுத்து வந்து, "ரெண்டும் ரெண்டும் நாலுதானுங்க" என்றாள். 2003 கேட்டேன். எங்கெங்கோ துழாவி, 2020ஆம் வருடம் மூன்றாவது வாரம் பிறந்த வேறு ஏதோ ஒன்றைத் தேடிப் பிடித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இதுல 2003ன்னு போட்டிருக்குதுங்களே."

அது தேதி என்று இப்போதுதானே சொன்னேன் என்றேன். "அட ஆமாங்க" என்று நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

அவள் எடுத்ததில் ஒன்றுகூடச் சரியில்லை. ஜெபக்குமாருக்காவது இரண்டு வந்தது.

எனக்கு உள்ளுக்குள் மேளம் அடித்தது. ஆனால் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். "நான்தான் அப்பவே சொன்னேனே. இது ஒரு நாள்ல வர்ற வித்தையா? என்ன செய்யறது, நீ போய்ட்டு வா. எல்லாரையும் கேட்டதாச் சொல்லு."

"ஆமாங்க. நீங்க கடையை உட்டு ஒரு நாள்கூட நகர முடியாதுங்க. இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது" என்றாள் சித்ரகலா. குரலில் அவ்வளவு மரியாதை. கல்யாணமான இருபத்தைந்து வருடத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த வாரம் முழுக்க மூன்று நாட்களை எப்படிக் கழிப்பது என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை காலை வேன் கிளம்பியதும் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட வேண்டும். உள்ளே ஃபேனைப் போட்டு, கோரைப்பாயை விரிக்க வேண்டும். பெருமாநல்லூர் கடைவீதியிலிருந்து பரோட்டா. மாலையில் எழுந்திருக்க மனமிருந்தால் எழுந்திருப்பது. சனிக்கிழமையும் இதே நிகழ்ச்சி. கலைத்து வைத்த டப்பாக்களை ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பழைய இடத்தில் அடுக்கிக்கொள்ளலாம். அந்த வாரம் வந்த மெக்கானிக்குகளைத் தட்டுத் தடுமாறிச் சமாளித்தேன். நான் கலைத்தது எனக்கு ஓரளவு நினைவிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் சாமளாபுரத்தில் ஒரு விசைத்தறிக்காரர் கூப்பிட்டார் என்று போய்விட்டு வந்தேன். வந்தபோது சித்ரகலா முன்னறையைக் கூட்டித் துடைத்து முடித்திருந்தாள். ஊருக்குப் போகிறவள் வீட்டைச் சுத்தமாக விட்டுப் போகிறாள் என்று மனதுக்குள் பாராட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது வேன் வந்தது.

நான் லுங்கியோடு வாசலுக்குப் போனேன். கெடா வெட்டுக்குப் போகும் வேனில் வழக்கமாகப் பெரிய அண்டாவும் கரண்டிகளும் இருக்கும். இந்த வேனில் துண்டுகள் தொங்கின. ஜன்னலோரம் நல்லெண்ணெய் பாட்டில்கள் நின்றன. மச்சினன் சுரேஷ் அரை டிராயரோடு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி இந்துமதியும் சித்ரகலாவின் பேக்கிங் செக்ஷன் தோழிகளும் பின்னால். அவர்களுக்கு நடுவில் விஜயராணி. விஜயராணிக்குப் பக்கத்தில் ஜெபக்குமார்.

மூன்று நாள் என் கடையைப் பார்த்துக்கொள்வதாக இருந்த ஜெபக்குமார்.

"அண்ணாச்சி, நீங்களும் வந்திருந்தா நல்லாருந்திருக்கும். எங்க ஊர்ப் பக்கம் சாரல் விழுதுன்னு தங்கச்சி போன்ல சொல்லுதா. என்ன செய்ய, நீங்க நகர முடியாதுன்னுட்டிய."

"எங்க போறீங்க?" என்றேன்.

சித்ரகலா பையை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினாள். "குற்றாலத்துக்குங்க."

"குன்னத்தூர் கெடா வெட்டு?"

"கெடா வெட்டுன்னு ஆருங்க சொன்னாங்க? நீங்க எங்கீன்னு கேக்கவே இல்லீங்க. முடியாதுன்னீங்க. சரி, கடை முக்கியமாச்சேன்னு உட்டுட்டேன்."

குற்றாலம் எனக்கு என்ன என்பதை இங்கே சொல்ல வேண்டும். நான் அருவியையே பார்த்ததில்லை. கழுத்து பிடித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். நானும் பத்து வருடமாக இந்த வருடம், இந்த வருடம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே யாரும் மிக்ஸியோடு வர மாட்டார்கள். அருவிக்கு ஐ.சி. கிடையாது.

"ரெண்டு நிமிசம் இரு. சட்டையை மாட்டீட்டு வந்தர்றேன். கடை கெடக்குது" என்றேன்.

"அதெப்படிங்க? எங்க கம்பெனியில மிஷினையெல்லாம் சர்வீஸ் பண்றதுக்கு மூணு நாள் லீவு உட்டிருக்கறாங்க. அதனாலதானுங்க நாங்கெல்லாம் கெளம்பறோம். லைன்ல இருக்கற பெட்டியையெல்லாம் கழட்டி உங்ககிட்டதான் அனுப்பறாங்க. மேனேஜரு, எங்க குடுக்கறதுன்னு கேட்டாருங்க. எங்க ஊட்டுக்காரரு கடையை உட்டு நகரவே மாட்டாருங்க, அவரைத் தவிர அந்த நம்பரை ஆராலயும் படிக்க முடியாதுங்கன்னு நான்தான் சொன்னேன்."

இந்துமதி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, இவ்வளவு தொழில் பக்தி உள்ளவர்களை இந்தக் காலத்தில் பார்க்க முடியாது என்று சொன்னாள். பேக்கிங் செக்ஷன் முழுவதும் அதை ஆமோதித்தது. அதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிச் சட்டையை மாட்டுவான்?

சித்ரகலா ஏறிக்கொண்டாள். பொடிமாஸ் அடுப்படியில் இருக்கிறது என்றும், பால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றும், தண்ணீர் லாரி வந்தால் விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னாள். வேன் போய்விட்டது. எனக்குத் தண்ணீர் லாரிதான் அருவி.

கோரைப்பாயை விரித்தேன். குப்புறப் படுத்தேன். கண் சொருகும் நேரத்தில் ஷட்டரை யாரோ தட்டினார்கள்.

ராஜ்கமல். சித்ரகலாவின் கம்பெனியில் லைன் மெக்கானிக். அவனுக்குப் பின்னால் ஒரு மினி ஆட்டோ. ஆட்டோ நிறையக் கண்ட்ரோல் பெட்டிகள். ஒன்றின் மேல் ஒன்றாக, கோழிக் கூண்டுகளை அடுக்கியது போல.

"அக்கா சொல்லீட்டுப் போனாங்கண்ணா. நீங்க ராப்பகலாப் பாத்துத் தர்றேன்னு சொன்னீங்களாமா."

பாயைச் சுருட்டினேன்.

முதல் பெட்டியைப் பிரித்தேன். கோளாறு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. 74எச்சிடி14 போயிருந்தது. அதற்கு அண்ணன் தம்பி நிறைய உண்டு. 74எச்சி14 என்று ஒன்று, 74எல்எஸ்14 என்று ஒன்று. கால்கள் ஒரே மாதிரி, வேலை ஒரே மாதிரி. ஆனால் இந்தப் பெட்டிக்கு எச்சிடிதான் வேண்டும். மற்றதைப் போட்டால் மிஷின் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. அதைவிடக் கொடுமை கிடையாது.

கையை நீட்டினேன். டப்பா வந்தது. உள்ளே டயோடுகள்.

நான் கலைத்து வைத்ததை நினைவுபடுத்திக்கொண்டு வேறு பக்கம் நீட்டினேன். அங்கே ரெகுலேட்டர்கள். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். என் பழைய வரிசையும் இல்லை. நான் கலைத்த வரிசையும் இல்லை. ஏதோ ஒரு மூன்றாவது வரிசை. அழகாக இருந்தது. டப்பாக்கள் எல்லாம் முகம் பார்த்து, ஒரே கோட்டில், தூசி இல்லாமல் நின்றன. ஆனால் எது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஜெபக்குமாரைப் போல முகத்தோடு ஒட்டிக்கொண்டேன். டப்பா டப்பாவாகப் படித்தேன். கழுத்து திரும்பும் பக்கம் முடிந்து, திரும்பாத பக்கம் வந்தது. ராஜ்கமல் முதலில் நின்றான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தான். பிறகு வெளியே போய் டீ குடித்துவிட்டு எனக்கும் ஒன்று வாங்கி வந்தான்.

"என்னண்ணா, சரக்கு இல்லீங்களா?"

"இருக்குது."

"எங்கீங்ணா?"

அதுதான் கேள்வி. என் கடையில், என் சுவரில், என் டப்பாவில் இருக்கும் ஐ.சி. எங்கே என்று முப்பது வருடத்தில் முதன்முறையாக ஒருவன் கேட்டான். வெயில் சாயும் வரைக்கும் தேடினேன். ஒரு பெட்டிகூட முடியவில்லை. ஆட்டோவிலிருந்து இறக்கிய பெட்டிகள் என் கோரைப்பாய் இருந்த இடத்தை முழுக்க அடைத்துக்கொண்டன.

கடைசியில் போனை எடுத்தேன். கௌரவம் என்று ஒன்று இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நான்கைந்து முறை அடித்த பிறகு சித்ரகலா எடுத்தாள். பின்னால் ஓவென்று தண்ணீர் இரைச்சல். யாரோ சிரித்தார்கள். ஜெபக்குமார் யாரையோ, தலையைக் காட்டுங்க, பயப்படாதீய என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க. சாப்ட்டீங்களா?"

"டப்பாவையெல்லாம் ஆரு மாத்தி வெச்சது?"

"நான்தானுங்க. கூட்டறப்பப் பாத்தேன், எல்லாம் ஒண்ணுக்கொண்ணு மாறி மாறிக் கெடந்துச்சு. எலி கிலி உருட்டீருச்சோன்னு அடுக்கி வெச்சேன். என்ன வேணுமுங்க உங்களுக்கு?"

எலி நான்தான் என்று சொல்ல முடியாது. 74எச்சிடி14 என்றேன். உனக்குப் புரியாது, சும்மா கேட்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"பெரிய காலுங்களா, ஒட்டற வகைங்களா?"

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தேன். அவள்தான்.

"ஒட்டற வகை" என்றேன்.

"நடு வரிசைங்க. எடது பக்கமிருந்து எண்ணுங்க, நாலாவது டப்பா. அதுக்கு முந்துன டப்பாவுல வெறும் எச்சி இருக்குதுங்க, அதை எடுத்துராதீங்க, மிஷின் நின்னு நின்னு ஓடும்னு நீங்கதானுங்களே மெக்கானிக்குகளுக்குச் சொல்லுவீங்க. எல்எஸ் அடுத்ததுல. எங்க கம்பெனியில ஸ்டைல் நம்பர் வாரியா, அதுக்குள்ள சைஸ் வாரியா அடுக்குவோமுங்க. அதே மாதிரிதான் வெச்சிருக்கறேன். முன்னால வர்ற எழுத்தை நான் கணக்குல எடுத்துக்கலீங்க. அது எந்தக் கம்பெனி லேபிளுன்னு மட்டுந்தானுங்களே?"

நடு வரிசைக்குப் போனேன். இடது பக்கமிருந்து எண்ணினேன். நான்காவது டப்பாவைத் திறந்தேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். முதுகில் 74எச்சிடி14. ராஜ்கமல் எட்டிப் பார்த்து, அக்காகிட்டயே எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கலாமுங்களா என்றான். நான் அவனை இன்னொரு டீ வாங்கிவர அனுப்பினேன்.

அவன் போன பிறகு போனை மறுபடி காதில் வைத்தேன்.

"சித்ரா, இவ்வளவு தெரிஞ்சுதே, ஏன் சொல்லல? நீ சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே."

"போன தடவ பழனிக்கு வந்தப்ப, பாட்டுப் பொட்டியில சத்தம் சரியில்லைன்னு வழியில வேனை நிறுத்திப் பிரிச்சீங்க. வெயில்ல எல்லாரும் ரோட்டோரமா உக்காந்திருந்தோம். அப்பறம் டிரைவரு பக்கத்துல உக்காந்து ஊரு வர்ற மட்டும் கியர்ல சத்தம் வருது, கியர்ல சத்தம் வருதுன்னீங்க. எனக்கும் வருசத்துல மூணு நாளு சும்மா இருக்கோணும்னு இருக்குமில்லீங்களா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். அந்தக் களைப்பு எனக்குப் பழக்கமானது. என் வீட்டில் அது எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது.

"சரி, ஞாயித்துக்கிழமை நான் கேட்டப்ப ஒண்ணுகூடச் சரியா எடுக்கலியே நீ? அந்த ஜெபக்குமாருக்கே குருட்டாம்போக்குல ரெண்டு வந்துச்சே."

அருவி இரைச்சலிலிருந்து கொஞ்சம் தள்ளி வந்து பேசினாள்.

"ஆமாங்க. அவருக்கு வந்த மாதிரி எனக்கும் ஒண்ணு ரெண்டு சரியா வந்தரக் கூடாதேன்னுதானுங்க ஒவ்வொண்ணையும் அத்தன நேரம் தேடினேன்."